பன்னிரண்டாவது குழாய்

இப்போதெல்லாம் யாருக்கும் ஒருவனை நேருக்கு நேர் திட்டத் தெரிவதில்லை. சிரிக்கிறார்கள். "உட்காருங்க ஐயா" என்கிறார்கள். ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "மனுவா எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்கிறார்கள். அந்தக் காலத்து அதிகாரி "போய்யா வெளியே" என்று கத்துவான். நாமும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்திவிட்டு வரலாம், சாப்பிட்டது செரிக்கும். இப்போது மரியாதையிலேயே ஆளைக் கொன்றுவிடுகிறார்கள்.

எங்கள் தெருவுக்கு வடிகால் போடுகிறோம் என்று சொல்லிப் பன்னிரண்டு சிமெண்டுக் குழாய்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒவ்வொன்றும் எட்டடி நீளம். கொஞ்சம் குனிந்தால் ஆள் உள்ளே போகலாம். முதுகில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை சிவப்புப் பெயிண்டில் எண். பெரிய ரோட்டில் ஆரம்பித்து என் வாசல் வரை வரிசையாகக் கிடத்திவிட்டுப் போனார்கள். பன்னிரண்டாவது என் கேட்டை ஒட்டி. போனவர்கள் போனவர்கள்தான். நாலு வருடம்.

நான் முப்பத்தெட்டு வருடம் குழாய் வேலை பார்த்தவன். என் வீட்டு வாசலிலேயே பன்னிரண்டு குழாய் சும்மா கிடக்க, மழை பெய்தால் என் வீட்டுச் சமையலறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். குளிர்பெட்டியைச் செங்கல் மேல் ஏற்றி வைத்திருக்கிறோம். என் வீட்டுக்காரி அதைத் திறக்க ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். "பெரிய குழாய்க்காரர் வீடு" என்று தெருவில் எங்களுக்குப் பெயர். சொல்லும்போதே சிரிப்பார்கள்.

முதல் வருடக் கடைசியில் ஒரு காலை கேட்டைத் திறக்கிறேன், பன்னிரண்டாவது குழாயின் இரண்டு வாயிலும் பூப்போட்ட திரை தொங்குகிறது. யார்டா இது என்று திரையை விலக்கினேன்.

"கூப்பிட்டுட்டு வரணும்னு தெரியாதா? இது பின்வாசல். விருந்தாளிங்க முன்வாசல் வழியா வரணும்" என்றது ஒரு பொம்பளைக் குரல்.

எட்டடிக் குழாய்க்கு முன்வாசல், பின்வாசல். நான் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஐம்பத்தைந்து, அறுபது வயதிருக்கும். ஆண்கள் போடும் கோட்டு ஒன்றைப் புடவைக்கு மேல் போட்டிருந்தாள். முன்வாசலில் ஒரு கரண்டி கயிற்றில் தொங்கியது. அதால் தட்டிவிட்டுத்தான் பேச வேண்டுமாம். எங்கிருந்து வந்தாய் என்று கேட்டால் ஒரு நாள் கோர்ட்டில் எழுத்தராக இருந்தேன் என்பாள், இன்னொரு நாள் கப்பலில் கணக்கு எழுதினேன் என்பாள், வேறொரு நாள் பெரிய பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. நான் மூன்றையும் நம்பவில்லை. என் பெயரை அவள் கேட்டதே இல்லை. "பக்கத்து வீட்டுக்காரரே" என்றுதான் கூப்பிடுவாள். ஏதோ இரண்டு பேரும் ஒரே மாதத்தில் பால் காய்ச்சிக் குடிவந்த மாதிரி.

"பக்கத்து வீட்டுக்காரரே, உங்க கேட் காலையில அஞ்சு மணிக்குக் கிறீச்சுங்குது. நாலு சொட்டு எண்ணெய் விடுங்க. குடும்பங்கள் இருக்கிற தெரு இது."

எண்ணெய் விட்டேன். அவளுக்காக இல்லை, எனக்கே அந்தச் சத்தம் பிடிக்காது.

அந்தச் சமயத்தில் நானே கைப்பட ஒரு மனு எழுதியிருந்தேன். நாலாம் வகுப்போடு நின்றவன் எழுதும் மனு எப்படி இருக்கும்? "நீங்களெல்லாம் சோறு தின்கிறீர்களா, வேறு ஏதாவதா" என்று ஆரம்பித்திருந்தேன். அவள் அதை வாங்கிப் படித்தாள். கோட்டுப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தாள்.

"இதைப் படிச்சா கொசுகூட உங்க தெருவுக்கு வராது."

"நீ எழுதிக் கிழி, பார்ப்போம்."

"எழுதுறேன். மனு ஒண்ணுக்கு ஒரு பக்கெட் வெந்நீர். உங்க பின்பக்கக் குளியலறையில. உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கணும்."

என் வீட்டுக்காரி அதற்குள் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டாள். அவளுக்கு என்னைத் தவிர எல்லாரையும் பிடிக்கும்.

கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. "மதிப்பிற்குரிய", "தங்கள் மேலான கவனத்திற்கு", "பணிவுடன்" என்று எனக்குச் சம்பந்தமே இல்லாத சொல்லெல்லாம் போட்டுக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று பதினேழு மனு எழுதினாள். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன். ஒரு பக்கம் முடிப்பதற்குள் எனக்கு டீ ஆறிவிடும். அதனால் ஒன்றையும் முழுதாகப் படித்ததில்லை. ஆனால் சந்தேகம் மட்டும் குறையவில்லை. குழாயைப் புதைக்கச் சொல்லி, குழாய்க்குள் குடியிருக்கிறவளே எழுதுகிறாள். எந்த மடச்சி எழுதுவாள்? நிச்சயம் ஏதோ குளறுபடி செய்கிறாள், அதனால்தான் மூன்று வருடமாக ஒருத்தனும் எட்டிப் பார்க்கவில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். "நீ போடுற வெந்நீர்லயே நம்மளைக் குளிப்பாட்டி விட்டுட்டாடி."

"உங்களையா? அப்படியாவது குளிச்சா சரி" என்றாள்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை கிரேனோடு வந்துவிட்டார்கள். தலைவராக ஒரு மஞ்சள் தொப்பிக்காரர். சின்ன வயசு. ரோட்டைப் பார்த்து நடக்காமல் போனைப் பார்த்து நடக்கிற ஆள். கூடவே ஒரு வயசான சுத்தியல்காரர். பெரிய ரோட்டுப் பக்கத்திலிருந்து தோண்டிக்கொண்டே வந்தார்கள்.

நாலு வருடம் வெயிலில் கிடந்த குழாய்களாயிற்றே, இறக்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார்கள். அந்த வேலை எனக்குத் தெரியும். நல்ல குழாய் சுத்தியல் பட்டதும் 'ணங்' என்று மணி மாதிரி பேசும். உள்ளே விரிசல் விட்டதென்றால் 'தொப்' என்று பூசணிக்காய் மாதிரி சத்தம் வரும். சுத்தியல்காரர் தட்டுவார், "நல்லாருக்கு" என்பார், மஞ்சள் தொப்பி தாளில் ஒரு டிக் போடுவார். முதல் நாள் ஆறு குழாய் உள்ளே போய்விட்டது.

மறுநாள் காலை பார்க்கிறேன், திரை இரண்டையும் கழற்றி மடித்து வைத்திருக்கிறாள். ஒரு மெத்தை, இரண்டு பெரிய துணி மூட்டை, காகிதம் நிறைந்த ஒரு பெட்டி எல்லாம் என் கேட்டுக்கு முன்னால் அடுக்கியிருந்தது. குழாய் சுத்தமாகக் காலி. உள்ளே பெருக்கிக்கூட விட்டிருந்தாள்.

"எங்க போறதா உத்தேசம்?" என்றேன்.

"ஊர்ல பாதியில நிக்கிற வேலைக்கா பஞ்சம்? எங்கயாவது ஒரு குழாய் கிடக்கும்."

"மழை வருது."

"தெரியுது. அதுக்குத்தானே இந்த வடிகாலே." சொல்லிவிட்டு என்னைத் தாண்டி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "அக்கா, பதினேழாவது மனுவுக்கு வெந்நீர் இன்னும் பாக்கி இருக்கு!"

"போட்டுட்டேன், வாம்மா" என்று உள்ளிருந்து பதில் வந்தது. அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சம்பந்தி வீட்டுக்குப் போகிற மாதிரி என் வீட்டுக்குள் போனாள்.

நான் நேராக மஞ்சள் தொப்பியிடம் போனேன். "நாலு வருஷமா வராதவங்க இப்ப எப்படி வந்தீங்க?"

"உங்க மனுதாங்க ஐயா." கைக்குள் வைத்திருந்த ஃபைலைத் திறந்து காட்டினார். "எங்க பெரியவர் படிச்சுட்டு அசந்துட்டார். ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டினார். எவ்வளவு தெளிவா எழுதியிருக்கீங்க!"

பதினேழாவது மனு. ஓரத்தில் யாரோ பச்சை மையில் 'உடனே செய்க' என்று எழுதியிருந்தார்கள். வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தேன். மஞ்சள் தொப்பி இரண்டு முறை போன் பேசி முடித்துவிட்டார், நான் அப்போதுதான் பாதியில் இருந்தேன். வீட்டில் எந்த அளவுக்குத் தண்ணீர் ஏறுகிறது, வீட்டுக்காரி ஸ்டூலிலிருந்து எப்போது விழுந்தாள், சரிவு எந்தப் பக்கம், எல்லாம் நான் சொன்ன மாதிரியே. சொல்லாததையும் சரியாக எழுதியிருந்தாள். கடைசிக்கு முந்தைய வரி இது:

'பன்னிரண்டாம் எண் குழாயில் ஒருவர் வசித்து வருகிறார். அது வேலைக்குத் தடையாகாது. ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் காலி செய்துவிடுவார்.'

"இதைப் படிச்சீங்களா?" என்றேன், விரலை வைத்துக் காட்டி.

"எதுங்க?" மஞ்சள் தொப்பி போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஒரு நாள் முன்னாடி யாராவது சொன்னீங்களா?"

"அதெல்லாம் வேற டிபார்ட்மெண்ட் ஐயா."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, அவள் மேல். யார் அவளை இவ்வளவு ஒழுங்காக எழுதச் சொன்னது? நாலு இடத்தில் பொய் எழுதி, இரண்டு எண்ணை மாற்றிப் போட்டிருந்தால் நான் சந்தேகப்பட்டதற்காவது ஒரு மரியாதை இருந்திருக்கும். மூன்று வருடம் ஒரு ஆளை மனதுக்குள் திருடி என்று திட்டிவிட்டு, கடைசியில் இப்படி ஒரு வரியைப் படிக்க வைப்பது என்ன நியாயம்?

பதினோராவது குழாய் இறங்கிக்கொண்டிருந்தது. நான் கேட்டுக்கு வந்தேன். அவளுடைய மூட்டைகள் வழியை அடைத்துக்கொண்டு கிடந்தன. என் கேட்டு, என் வழி. மெத்தையை எடுத்துச் சுருட்டிப் பன்னிரண்டாவது குழாய்க்குள் தள்ளினேன். பிறகு துணி மூட்டை இரண்டையும், சுவரோடு சுவராக நன்றாக இறுகும்படி, காலால் மிதித்துத் தள்ளினேன். காகிதப் பெட்டியையும் வைத்தேன். முப்பத்தெட்டு வருடம் குழாய்க்குள் என்ன அடைத்தால் என்ன ஆகும் என்று பார்த்த ஆளுக்கு, நான் என்ன செய்கிறேன் என்று தெரியாதா? தெரியும். அவள் போய்விட்டால், இவர்கள் போடுகிற லட்சணத்துக்கு அடுத்த மாதம் புகார் எழுத எனக்கு யார் இருக்கிறார்கள்? இதில் இரக்கம் கிரக்கம் ஒன்றும் கிடையாது. திரை இரண்டையும் பழையபடி மாட்டிவிட்டேன்.

சுத்தியல்காரர் வந்தார். தட்டினார். 'தொப்.'

இன்னொரு இடத்தில் தட்டினார். 'தொப்.'

திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் முட்டியில் ஒட்டியிருந்த சிமெண்டுத் தூசியைப் பார்த்தார். எத்தனை வருடம் சுத்தியல் பிடித்த கையோ, அதற்கா புரியாது? நான் வானத்தைப் பார்த்தேன். மழை வருகிற மாதிரிதான் இருந்தது.

"என்னாச்சு?" என்றார் மஞ்சள் தொப்பி, போனைப் பார்த்தபடியே.

"விரிசல் சார்" என்றார் சுத்தியல்காரர். "இதை இறக்கினா நாளைக்கு ரோடே உள்ள போயிடும்."

மஞ்சள் தொப்பி தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டார். "அப்ப ஐயா வீட்டு இணைப்பு?"

"வேற குழாய் வந்தாத்தான்."

தெருவில் எல்லா வீட்டுக்கும் வடிகால் வந்துவிட்டது. மனு போட்டவன் வீட்டுக்கு மட்டும் எட்டடி குறைவு. என் வீட்டுக்காரி வாசலுக்கு வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். குழாயைப் பார்த்தாள், மடித்து வைத்திருந்த திரை மாட்டியிருப்பதைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"நல்லா இருக்குய்யா உன் குழாய் வேலை" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் ஸ்டூலை எடுத்துப் போட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஈரத் தலையோடு பின்னால் வந்தவள் தன் மூட்டையைக் காணாமல் நின்றாள். பிறகு குழாய்க்குள் குனிந்து பார்த்தாள்.

"யாரு என் சாமானைத் தொட்டது? முன்வாசல் வழியா போனீங்களா, பின்வாசல் வழியா போனீங்களா?"

"குழாய் விரிசலாம். வேண்டாம்னுட்டாங்க."

"விரிசலா? மூணு மழைக்கு ஒரு சொட்டு ஒழுகல!"

"அதையெல்லாம் சுத்தியல்கிட்ட கேளு. சொன்னது அதுதான்."

அவள் விறுவிறுவென்று மஞ்சள் தொப்பியிடம் போய் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். துண்டால் தலையைத் துவட்டியபடி, தோண்டிய மண்ணையும் என் கேட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். நன்றி கின்றி என்று ஆரம்பித்துவிடுவாளோ என்று எனக்கு உள்ளூர உதறல். நல்லவேளை, அவளுக்கும் அந்தப் பழக்கம் இல்லை.

"அறிவு இருக்கா உங்களுக்கு? அக்கா மறுபடியும் ஸ்டூல்ல ஏறணும். என் எழுத்தை வேற வீணாக்கிட்டீங்க." கோட்டை உதறிப் போட்டுக்கொண்டாள். "சரி. அந்தத் தொப்பிக்காரத் தம்பிகிட்ட பேசிட்டேன். புதுக் குழாய் பத்து நாள்ல வந்துடுமாம். நேரா பள்ளத்துலயே இறக்கிடலாம், இதைத் தொடவே வேண்டாம். இன்னிக்கே எழுதிடுறேன்."

"பத்து நாளா?"

"அவரே சொன்னார். நல்ல பிள்ளையாத்தான் தெரியுறார். பாருங்க, இந்தத் தடவை கண்டிப்பா வந்துடும்."

பத்து நாளாம். நல்ல பிள்ளையாம். வாயால் சொன்னானாம், இவள் எழுதினால் வந்துவிடுமாம். இதில் யாரை நம்புவது? தூறல் விழ ஆரம்பித்தது. நான் உள்ளே நடந்தேன், குளிர்பெட்டிக்கு அடியில் இன்னும் இரண்டு செங்கல் கொடுக்க.