கிரனடாவில் சொல்லிவந்த சீக்கு

கடல் கடந்த கிரனடாத் தீவின் கிறிஸ்தவ சபை அழைத்தது பரிமளத்தைத்தான். ரத்தோட்டைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் பாட்டு நடத்துகிறவள் அவள். ஒருமுறை இங்கே வந்துபோன அந்தத் தீவுச் சபைப் பெண்கள் அவள் குரலில் மயங்கி, கப்பல் டிக்கட்டோடு கூப்பிட்டிருந்தார்கள். தோட்டத்துச் சனத்தின் பிரஜாவுரிமையைச் சர்க்கார் சட்டம் போட்டுப் பறித்திருந்தது; அது இல்லாதவளுக்கு யார் பாஸ்போர்ட் கொடுப்பார்கள்? பாட்டனைப் புதைத்ததே இந்த மலையில்தான். அது சர்க்கார் கந்தோர் அதிகாரிகளுக்குப் போதவில்லை. அவளுக்குப் பதிலாக, பிரஜாவுரிமை வைத்திருந்த இந்தக் கோயில் சபைச் செயலாளர் நல்லையா புறப்பட்டார். கொதிப்பை விழுங்கிக்கொண்டு அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் ஏன் வரலேன்னு அவங்ககிட்ட உள்ளத சொல்லிருங்கய்யா."

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் நல்லையா பீடத்துக்கு முன்னால் நின்று அளந்தார். மலையுச்சியில் குளமாம், எரிமலை வெடித்த குழியாம். நம்ம ரிவர்ஸ்டன் மலையில் போலவே மூடுபனியாம். சபையோரோடு கடற்கரையில் உட்கார்ந்து பொரித்த மீன் தின்றாராம்.

"ஜாதிக்கா பாத்தேன், நம்ம மாத்தளைக் காயெல்லாம் அதுகிட்ட நிக்காது!"

பரிமளத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தான் பார்க்க வேண்டிய கடலையும் மலையையும் இந்த மனுஷன் பார்த்துவிட்டு, தனக்கே வந்து கதை சொல்கிறார். பார்த்துத் தொலையட்டும். கேட்டுக்கொண்ட காரியம் என்னாயிற்று?

"பரிமளம், முன்னால வாம்மா," என்றார் நல்லையா. "அந்தச் சபையே முழங்கால் போட்டு ஒனக்காக ஜெபிச்சுச்சு. நாமளும் ஜெபிப்போம்."

"எனக்கு என்னய்யா?"

"ஒனக்குக் கடுஞ்சீக்குன்னு சொல்லிட்டேன். வேற என்னத்த சொல்றது? நாடில்லாத சனம்னு சொன்னா நம்ம சபைக்குத்தானே வெக்கம்?"

நோயாளிகள் முழங்காலிடும் பாய் பீடத்தடியில் விரித்துக் கிடந்தது. பரிமளம் போனாள், முழங்காலிடவில்லை.

"பறிச்சவனுக்கு இல்லாத வெக்கம் எனக்கு எதுக்குய்யா?" என்றவள், சபையைப் பார்த்துத் திரும்பினாள். "எனக்கு இருக்கிற சீக்கு இங்க வேற யாருக்கெல்லாம் இருக்கு? எந்திரிங்க!"

கடைசி வாங்குப் பலகையிலிருந்து, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் பொன்னையா எழுந்தான். அவன் பெண்சாதி எழுந்தாள். பிறகு கொழுந்து பறிக்கிற பெண்கள், மடியில் பிள்ளையோடு இருந்தவர்கள், ஊன்றுகோல் பிடித்த கிழவர்கள். ஒரு வாங்கிலும் ஆள் மிஞ்சவில்லை.

"இப்ப ஜெபிங்கய்யா," என்றாள் பரிமளம். "எல்லாருக்கும் சேத்து ஜெபிங்க. இந்தத் தடவ சீக்கோட பேரச் சொல்லி ஜெபிங்க."

சபை உட்காராமல் காத்து நின்றது.