பூமுடியா, மொட்டையா?

1

நரை ஏன் வருகிறது என்று ஒரு கட்டுரை எழுதித் தருவதாக, நான் படித்த பள்ளியின் பழைய மாணவர் சங்க ஆண்டு மலருக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். அது கதையாகிப் போனதற்குத் திருச்செந்தூர் பேருந்துதான் காரணம். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவரின் வகிட்டோரம் ஒரு விரற்கடை அகலத்துக்கு வெள்ளை, அதற்கப்பால் சாயம். செய்துங்கநல்லூர் தாண்டியதும் மூத்தவர் சொன்னது காதில் விழுந்தது: "பூமுடி குடுத்தா போதும்லா?" இளையவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் கற்பனை. வரிசையாகச் சொல்கிறேன்.

2

தாமிரபரணிக் கரையில் அந்தி சாயும் வேளையில் சங்கரி...

(அடித்துவிட்டேன். பேருந்து கிளம்பியது காலையில்.)

முடியின் வேரில் நிறம் உண்டாக்கும் செல்கள் இருக்கின்றன. வயது ஏற ஏற அவை...

(இது கட்டுரை. பின்னால் வேண்டியிருக்கும், கிடக்கட்டும்.)

நாற்பத்திரண்டு வயதில் சங்கரிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

இது சரி. மாப்பிள்ளை மகேஸ்வரனுக்குக் களக்காட்டில் உரக்கடை. அவருக்கும் தள்ளிப்போன கல்யாணம்தான். தை மாதம் முகூர்த்தம். அதற்கு முன் சங்கரிக்கு ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருந்தது. அப்பா நமச்சிவாயத்துக்கு இதய அறுவை நடந்த அன்று, அவர் பிழைத்தால் மொட்டை போடுவதாக முருகனிடம் வேண்டியிருந்தாள். பிழைத்தார். இப்போது மருமகனுக்கு வாட்ச் வாங்கவேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்குகிறார்.

பெண்களுக்கு ஒரு வழி உண்டு. கூந்தல் நுனியை மூன்று விரற்கடை நறுக்கிக் கொடுத்தால் போதும், அது பூமுடி. அத்தை பிரம்மநாயகி அதைத்தான் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

3

"ஏட்டி, மாப்பிள்ளை முன்னால மொட்டத்தலையோட நிப்பியாக்கும்? முருகன் கோவிச்சுக்கிட மாட்டாரு, நான் சொல்லுதேன்."

"மொட்டைக்கு என்ன அத்தை? கோயிலுக்குப் போட்டேன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதுக்கப்புறம் முளைக்கும்லா? அதுதான் பயமா இருக்கு."

தை மாதத்துக்குள் கொஞ்சம் வளர்ந்துவிடும், முழுக்க வெள்ளையாக. மகேஸ்வரன் பார்த்திருப்பது நிச்சயதார்த்தத்தன்று சாயம் பூசிய பின்னலை.

"அதுக்கும் மைய அடிச்சாப் போச்சு."

"முள்ளு முடியில அடிச்சா கரிச்சட்டியக் கவுத்தாப்ல இருக்கும்."

"எல்லாம் ஒங்க அப்பனை நெனச்சுக் கவலைப்பட்டு வந்த நரை."

(கட்டுரைக்காரன் இங்கே குறுக்கிட வேண்டியிருக்கிறது. கவலை நரையைக் கொஞ்சம் முன்னால் இழுத்து வரலாம் என்கிறார்கள். ஆனால் எந்த வயதில் நரைக்கும் என்பது பெரும்பாலும் பெற்றவர்கள் வழியாக வருவது. வேரில் உள்ள செல்கள் நிறம் கொடுப்பதை நிறுத்தியதும் முடி நிறமில்லாமல் வளர்கிறது. நம் கண்ணுக்கு வெள்ளை. நமச்சிவாயத்துக்கு முப்பதிலேயே நரைத்தது என்று வைத்துக்கொள்கிறேன்.)

இந்த அடைப்புக்குறியைப் போட்ட பிறகு சங்கரி என் பேச்சைக் கேட்கவில்லை. அவளைத் தயங்கவிட்டு இன்னும் ஒரு பக்கம் ஓட்டலாம் என்று இருந்தேன்.

"கவலையில்லை அத்தை. இது அப்பாவோட தலை," என்றாள். கோயில் வாசலில் இறங்கியதும் மகேஸ்வரனைப் போனில் கூப்பிட்டாள்.

4

"இன்னைக்கு மொட்டை போடப் போறேன்."

"நல்ல காரியம்லா."

"திரும்ப முளைக்கது நரையாத்தான் முளைக்கும். நீங்க பாத்ததெல்லாம் மை."

முதல் வரைவில் மகேஸ்வரன், "நான் உங்கள் மனதைத்தான் பார்த்தேன்" என்றார். அடித்தேன். உரக்கடையில் நின்றுகொண்டு யாரும் அப்படிப் பேசுவதில்லை. இரண்டாம் வரைவில் போனை வைத்துவிட்டார். கதையைச் சீக்கிரம் முடிப்பதற்காக ஒருவரைக் கெட்டவராக்க மனம் வரவில்லை. மூன்றாம் வரைவு:

மறுமுனையில் யாரோ யூரியா கேட்பது கேட்டது. "இருங்க அண்ணாச்சி, பேசிக்கிட்டுல்லா இருக்கேன்" என்று மகேஸ்வரன் அவரிடம் சொல்வதும் கேட்டது. பிறகு:

"முழுக்கவா?"

"முழுக்க."

"எங்க அம்மை என்ன சொல்லுவாளோ."

"நீங்க என்ன சொல்லுதீங்க?"

"யோசிக்கேன். போனை வச்சிராதீங்க."

5

முடிவை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவரும் மொட்டை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வருகிறார். எனக்கே சிரிப்பு வந்தது, கிழித்தேன். மற்றதில் சங்கரி பூமுடி கொடுத்துவிட்டு ஊர் திரும்புகிறாள். அந்தப் பக்கத்தில் பேருந்து திருநெல்வேலி வரும்வரை அவள் என்னோடு பேசவில்லை.

ஆகவே இதோடு நிறுத்துகிறேன். போனைக் காதில் வைத்தபடி முடி இறக்கும் மண்டபத்தில் உட்காருகிறாள். முடி எடுப்பவர் கேட்கிறார்:

"பூமுடியாம்மா, மொட்டையா?"

"மொட்டை."

அவர் தண்ணீரைக் கையில் அள்ளுகிறார். அப்போதுதான் மகேஸ்வரன் தொண்டையைச் செருமுகிறார். குனிய வேண்டும், போனை அத்தையிடம் நீட்டுகிறாள்.

"அவங்க சொல்லுததைக் கேட்டு வச்சிருங்க. நான் கும்பிட்டுட்டு வந்து கேட்டுக்கிடுதேன்."

நான் திரும்பி வந்த பேருந்தில் சந்தனம் பூசிய தலைகள் நிறைய இருந்தன. அவற்றில் எது காலையில் முன் இருக்கையில் இருந்த இளையவருடையது என்று எனக்குத் தெரியவில்லை. கதையில் பிரம்மநாயகி ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதால் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் முகம் எப்படி மாறுகிறது என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என் பங்குக்கு ஒன்று மட்டும் சொல்வேன்: களக்காட்டில் அந்தப் போன் இன்னும் வைக்கப்படவில்லை.