மடிப்பு வெட்டாத புத்தகம்

இஸ்ரேலில் பினே பிராக் ஊரில் தொப்பிக் கடை வைத்திருந்த கெட்ஸலுக்கு ஒரே மகள், பேலா. அவளுக்கு நல்ல இடமாக ஒன்று அமைந்தது. பையன் பெல்னிக் வகையறா என்பதுதான் வினை. கெட்ஸல் ஸப்ரோவ் வகையறா. இரண்டும் தனித்தனி குருவைப் பின்பற்றும் யூதச் சபைகள். போலந்தில் இருந்த காலத்திலிருந்தே இரண்டுக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது.

சண்டை உப்பைப் பற்றியது. சமைக்கவே கூடாத ஓய்வுநாளில் கொதிக்கும் சூப்பில் உப்புப் போட்டால் அதுவும் சமையல்தான், கூடாது என்று விதித்தவர் ஸப்ரோவின் பெரிய குரு. பெல்னிக்கின் குருவான ரபீ அதை மறுத்துப் புத்தகமே போட்டுவிட்டார் என்று யாரோ வந்து சொன்னார்கள். ஸப்ரோவ் குரு ஆயுள் முழுக்க அந்தப் புத்தகத்தைத் திட்டித் தீர்த்தார். சீடர்கள் கையில் கிடைத்த பிரதிகளையெல்லாம் கொளுத்தினார்கள். பெல்னிக்காரர்கள் அந்த வீம்பிலேயே சூப்பில் உப்பை அள்ளிக் கொட்டினார்கள்.

அப்படி அபூர்வமாகிப்போன புத்தகத்தின் ஒரு பிரதி, அதுவும் குருவே வைத்திருந்தது, முதல் தாளில் அவர் கையெழுத்தோடு, ஜெருசலேமில் ஏலத்துக்கு வந்தது. தன் ஸப்ரோவ் சபைக்குக் காணிக்கையாகக் கொடுத்தால் மனசு இளகிக் கல்யாணத்துக்குச் சம்மதிப்பார்கள் என்று நினைத்த கெட்ஸல், மனைவியின் வளையல்களை விற்று அதை எடுத்தார்.

வீட்டில் மேசைமேல் வைத்துத் திறந்தால் முதல் தாளைத் தாண்டிப் போக முடியவில்லை.

"பக்கமெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கே," என்றாள் மனைவி ஹிண்டா.

"ஒட்டல. அச்சாபீஸ்ல மடிச்சது மடிச்சபடியே இருக்கு. யாரும் வெட்டல."

"அப்போ உங்க குரு இதப் படிக்கவே இல்லையா?"

"மெதுவாப் பேசு. ஜன்னல் தொறந்திருக்கு."

ஹிண்டா ரொட்டிக் கத்தியை எடுத்து நீட்டினாள். குரு தொட்ட புத்தகத்தில் கத்தி வைக்க கெட்ஸலுக்குத் தைரியம் இல்லை. ஆசையும் விடவில்லை. மடிப்பைக் குழாய் மாதிரி உப்பவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். உப்பைப் பற்றிய பகுதி தட்டுப்பட்டது. 'ஸப்ரோவின் குரு சொன்னதே சரி. அவர் நம் தலைமுறையின் விளக்கு' என்று எழுதியிருந்தார் பெல்னிக் ரபீ.

கெட்ஸலுக்குச் சிரிப்பு வரவில்லை. பெல்னிக் பையன் ஒருவனை விரும்பிய குற்றத்துக்காகக் கடைசிவரை தனியாகவே கிடந்து செத்த தன் அத்தையை நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கெட்ஸல் கொண்டுபோய்க் கொடுத்த புத்தகத்தைச் சபை நிர்வாகி ஃபிஷெல் புரட்டப் பார்த்தார். புரளவில்லை. அரை நிமிடம் யோசித்தார்.

"பாத்தீரா கெட்ஸல், எப்பேர்ப்பட்ட மகான். தொறக்காமலே உள்ள இருக்கறதத் தெரிஞ்சிக்கிட்டாரு."

"உள்ள அவரப் புகழ்ந்துதான் எழுதியிருக்கு. அதுவும் தெரிஞ்சேதான் சண்ட போட்டாரா?"

ஃபிஷெல் எழுந்து கதவைச் சாத்தினார். "உம்ம யாரு படிக்கச் சொன்னது? காணிக்கைன்னா கொடுத்துட்டுப் போவணும். யார்கிட்டயாவது சொன்னீரா?"

"ஹிண்டாவுக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்போ ஊருக்கே தெரிஞ்ச மாதிரிதான்."

"பொண்ணு கல்யாண வேல தலைக்கு மேல கெடந்தா அவளுக்குப் பேச ஏது நேரம்?" என்றார் கெட்ஸல் பணிவாக.

ஃபிஷெல் புத்தகத்தை எடுத்துத் தன் பக்கமாக வைத்துக்கொண்டார். "மாப்பிள்ளையோட பாட்டி வழியில ஸப்ரோவ் ரத்தம் இருக்கும்னு எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். விசாரிக்கிறேன்."

விசாரித்தார். இருந்தது.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. புத்தகம் சபை மண்டபத்தில் பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. 'குரு திறவாமலே அறிந்த நூல்' என்று அதன் கீழே தங்க எழுத்தில் பலகை வைத்தார்கள். கர்ப்பிணிகள் வந்து கண்ணாடியைத் தொட்டு வேண்டிக்கொண்டார்கள்.

ஒரு நாள் சம்பந்தி வந்தார். தங்கள் ரபீயின் புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை என்றார். கெட்ஸல் கூட்டிப்போய்க் காட்டினார். சம்பந்தி பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு மீசைக்குள் சிரித்தார்.

"தப்பா நெனக்காதீங்க சம்பந்தி. உள்ள எங்க ரபீ உங்க குருவ என்ன வாங்கு வாங்கியிருந்தா இப்படிப் பூட்டி வெச்சிருப்பீங்க!"

கெட்ஸல் வாயைத் திறந்தார். பேலா ஐந்து மாதக் கர்ப்பிணி என்பது ஞாபகம் வந்தது.

"ஆமா சம்பந்தி, பலமான அடிதான்," என்றார்.