மல்லாட்டைத் தோல் மெத்தை

1

இந்தக் கதை பிறந்தது வெட்கத்தில். கௌரவமான வேறு காரணம் ஏதாவது அகப்படுமா என்று நான்கு நாள் பார்த்தேன். அகப்படவில்லை.

முதல் தொடக்கம்: ‘ஒலக்கூர் பக்கத்தில் ஏழைக் கபடிக் கிளப் ஒன்று புதுமை கண்டு...’ வேண்டாம். விழுப்புரம் மேடையில் நான் பேசியதுபோலவே இருக்கிறது.

இரண்டாவது: ‘முழங்கால் தோல் உரியாத பெண் எங்கள் கிளப்பில் இல்லை.’ இது உண்மை. இப்படியே போகலாம்.

2

எங்கள் கிளப்பில் யாருக்கும் சம்பளம் கிடையாது. நான் செயலாளர் கோதண்டபாணி. ஆரோக்கியசெல்வி மல்லாட்டை மில்லில் வேலை முடிந்ததும் வந்து பெண்களுக்குக் கபடி சொல்லிக்கொடுப்பவள். ஆட விரிப்பு வாங்க எங்களுக்கு வழியில்லை. மில்லில் குவிந்து கிடந்த வேர்க்கடலைத் தோலை அவள் சாக்குகளில் அடைத்து, தைத்து, மெத்தையாகப் பரப்பினாள்.

(‘பரப்பினோம்’ என்றுதான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். நான் அன்று நாற்காலியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.)

3

விழுப்புரத்தில் கிளப்புகளின் கூட்டம். புதிதாக ஏதாவது செய்த ஒருவருக்குப் பயிற்சியாளர் படிப்பில் இலவச இடம். அதைப் படித்தால் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும், மில்லை விட்டுவிடலாம் என்பது செல்வியின் ஆசை. செயலாளர் பேசுவதுதானே வழக்கம் என்றேன். காலனிப் பெண் மேடையில் நிற்க நான் கீழே உட்காருவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

யாருடைய யோசனை என்று கேட்டார்கள். “நம்ம கிளப்போடதுங்க” என்றேன். பொய் இல்லை, அதுதான் கேவலம். இடம் எங்களுக்குத்தான் என்று படிவத்தில் என் பெயரை எழுதினார்கள். நான் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

4

மறுவாரம் கோட்டக்குப்பம் கிளப்பிலிருந்து ராஜ்குமார் போன் செய்தார். நான் சொன்னபடி அவர்கள் தைத்த மெத்தைகளை எலி குதறிவிட்டதாம். எங்களுடையதை எலி ஏன் தொடவில்லை என்று எனக்குத் தெரியாது. மில் வாசலில் போய் நின்றேன்.

“ரெண்டு தபா புடைச்சி, நாலு நாள் காயவெக்கணும்ணா. பருப்பு வாடை இருந்தா எலி வுடாது. அவருக்கு ஜல்தியா சொல்லிடுங்க, பாவம்” என்றாள் செல்வி. உள்ளே திரும்பியவள் நின்றாள். “அப்ப படிப்புக்கு நீங்களே போறீங்களாணா? நான் வேலைய வுட்டு நின்னுக்குவேன்னு மில்லுல சொல்லிக்கினு இருந்தேன்.”

நான் சொன்ன பதில்: ‘அதாவது செல்வி, அந்தப் படிவத்தில்...’

5

முடிவு ஒன்று: பெயரை மாற்றச் சொல்லி விழுப்புரத்துக்குப் போன் செய்கிறேன். திண்டிவனத்துப் பள்ளி ஒன்றில் செல்வி விசில் ஊதுகிறாள். எழுதும்போதே என்னை எனக்குப் பிடித்துப்போகிறது, அதனால் நம்பவில்லை.

முடிவு இரண்டு: செல்வி என் வீட்டு வாசலில் வந்து நாலு பேர் கேட்கத் திட்டுகிறாள். அவள் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பெயர் மாற்ற நாளை கடைசி நாள். போன் பக்கத்தில்தான் இருக்கிறது. அதை எடுக்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இது அச்சில் வந்தால் மேலே இருக்கப்போவதும் என் பெயர்தான்.

முடிவை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள் வாசகரே. அடுத்தவர் செய்ததற்குப் பெயர் போட்டுக்கொள்வது எனக்குப் பழக்கம்தான்.