சொன்ன விலைக்கே

சங்கரன்கோவிலில் சேலைக்கடை வைத்திருக்கும் தங்கப்பழத்திடம், முதலில் சொன்ன விலைக்கு யாரும் எதையும் விற்றதில்லை. டாக்டர்கூட ஃபீஸைக் குறைத்துவிட்டுத்தான் ஊசி போட முடிந்தது. அப்பேர்ப்பட்ட மனுசன் குடகு மலையில், காப்பித் தோட்டத்து வாசலில், பனிக்குள் பொண்டாட்டியைத் தொலைத்துவிட்டு நின்றார்.

தொலைத்தது அவர் வாயால்தான். கடைக்காரர்கள் குடும்பத்தோடு வேன் பிடித்து வந்த டூர் அது. மத்தியானம் தோட்டத்தில் உள்ளூர்ப் பெண்களின் ஆட்டம். கொசுவத்தை முதுகுப் பக்கம் வைத்துக் கட்டிய சேலை, கையில் சின்னத் தாளம். ஜெயசித்ராவுக்குக் கால் நிற்கவில்லை. ஒரு பெண்ணிடம் கேட்டுத் தன் சேலையையும் அதேபோல் கட்டிக்கொண்டு, போனைப் புருசன் கையில் கொடுத்துவிட்டு வட்டத்தில் சேர்ந்து ஆடினாள்.

“விக்காத சேலையப் பொம்மைக்குச் சுத்துன மாதிரில்லா இருக்கு” என்றார் தங்கப்பழம்.

வேன் கூட்டம் மொத்தமும் சிரித்தது. அவள் தாளத்தைக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று தோட்டத்துக்குள் நடந்தாள். கோபம் தணிந்தால் வந்துவிடுவாள் என்று இவர் காப்பி குடித்தார். டம்ளர் காலியாவதற்குள் பனி இறங்கி, பக்கத்தில் நின்ற வேனையே காணாமல் அடித்துவிட்டது.

தோட்டத்துக் காவல்காரர் அரைகுறைத் தமிழில் விஷயத்தைச் சொன்னார். பலாப்பழ வாசத்துக்கு ஒற்றை யானை வந்திருக்கிறதாம், இன்னும் தோட்டத்தை விட்டுப் போகவில்லையாம். சும்மா தேடி உள்ளே போகக் கூடாது; இங்கேயே நின்று கூப்பிடுங்கள், அம்மா ஒரு குரல் கொடுத்தால் திசை பிடித்து நான் போய்க் கூட்டி வருகிறேன் என்றார்.

“ஏட்டி” என்று கூப்பிட்டார். பிறகு “சித்ரா” என்றார். கல்யாண வீட்டில்கூடச் சொல்லாத முழுப்பெயரையும் சொல்லிப் பார்த்தார். மரத்திலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம்தான் வந்தது.

“மதனி கோவத்துலதான் பேசாம இருக்காவ, அண்ணாச்சி” என்றான் வேன் டிரைவர் சலாவுதீன்.

இருக்கலாம். போன ஆடித்தபசுத் திருவிழாவின்போது வாரக்கணக்கில் பேசாமலே கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தவள்தானே. அவள் கோபம் இன்னும் தணிந்திருக்கக் கூடாது என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டார். வேறு காரணத்தால் பேசாமல் இருந்தால்?

ஊர்க் கோமதியம்மனுக்கு மாவிளக்கு என்று நேர்ந்துகொண்டார். உள்ளே எங்கேயோ கிளை ஒடிந்தது. பட்டுச்சேலை என்றார். அம்மன் ஒன்றும் கேட்காமலே இவராக ஏற்றிக்கொண்டே போனார். இந்தப் பேரத்தை மட்டும் சித்ரா கேட்டால் சும்மா விடுவாளா?

அந்த நினைப்பில்தான் பொறி தட்டியது. வாசலை ஒட்டியே மிளகுக் கடை. முந்தின நாள் சாயங்காலம் இங்கே வந்து இறங்கியதும் கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தி விலையைப் பாதிக்கு இறக்கிவிட்டு, வாங்காமலே வந்தவள் ஜெயசித்ரா. தங்கப்பழம் ஓடிப்போய் விலை கேட்டார். கடைக்காரரும் பழக்கதோஷத்தில் கூட்டித்தான் சொன்னார்.

தங்கப்பழம் முகத்தைப் பனிப் பக்கம் திருப்பிக் கத்தினார். “சரி வே. சொன்ன விலைக்கே போடும். ஒத்தப் பைசா குறைக்காண்டாம்.”

காதைப் பனிப் பக்கம் வைத்துக் கேட்டுவிட்டு மறுபடியும் கத்தினார்.

“ஏலக்காயும் போடும். அதுவும் சொன்ன விலைக்கே.” கடைக்காரர் தராசைத் தொடப் பயந்து நின்றார்.

இடது பக்கப் பள்ளத்திலிருந்து வந்தது ஜெயசித்ராவின் குரல்: “ஒங்களுக்கென்ன கோட்டி பிடிச்சிருக்கா? நேத்து பாதிக்கு எறங்குன ஆளுல்லா அது!”

காவல்காரர் யானையை விரட்டும் வெடியும் டார்ச்சுமாகப் பள்ளத்தில் இறங்கினார். ஒரு வெடிச் சத்தம். தங்கப்பழம் கடைப்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் கழித்து, பனிக்குள் இரண்டு உருவம் தெரிந்தது. பின்கொசுவம் நனைந்து ஒட்டிப்போய் வந்தாள்.

“யானை பக்கத்துலயே கிளைய ஒடிச்சிட்டு நின்னுச்சு. நீங்க கூப்பிட்டது பூராவும் கேட்டுச்சு, மூச்சுவிடாம இருந்தேன். இந்த ஏலக்காயத்தான் பொறுக்க முடியல.”

“சேலையப் பத்திச் சொன்னது தப்புதான்” என்றார் தங்கப்பழம், அவளுக்கு மட்டும் கேட்கிறாற்போல.

“அங்கன வேன்ல, எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க.”

“ஊருக்குப் போயி, வீட்ல வச்சு…”

அவள் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு அவரையே பார்த்தாள்.

தங்கப்பழம் மேற்கொண்டு குறைத்துக் கேட்கவில்லை. வேன் படியில் ஏறி, அப்போதுதான் போட்ட பாட்டை நிறுத்தச் சொல்லி சலாவுதீனுக்குக் கை காட்டினார்.