மூன்றாம் ஓலைக்கு முன்

பேஸ்மென்ட் படியில் இறக்கும்போது பெட்டியின் அடி பிய்ந்து, உள்ளே இருந்ததெல்லாம் இக்னேசியஸின் காலடியில் கொட்டுப்பட்டது. பெட்டி மாக்கஸுடையது. அடுத்த மாதம் அவர் மகள் நிரோஷினியைக் கைப்பிடிக்கப் போகிறவன். அஜக்ஸ் நகரில் வாங்கிய வீட்டின் திறப்பு கைக்கு வரும்வரை, தன் சாமான்களை ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் மாமனார் வீட்டில் வைத்திருந்தான்.

சட்டைகளுக்கு இடையில் மூன்று சீடிகள் கிடந்தன. முதலாவதில் ஆட்டு மண்டையோடு. இரண்டாவதில் உடைந்துபோன கோயில் மணி. மூன்றாவதில் வெறும் கறுப்பு. பாட்டுக் குழுவின் பெயர் முள்ளுக்கம்பிச் சுருள்போலப் பின்னிக் கிடந்தது. முதலாவதைத் திருப்பினார். முகத்தில் வெள்ளை பூசிய நான்கு பெடியன்கள். ஒருவன் கையில் டிரம் தடிகள். பூச்சுக்கு அடியிலும் அந்த மூக்கு மாக்கஸின் மூக்குத்தான்.

அவன் டென்மார்க்கில் பிறந்து வளர்ந்தவன். "அங்கை கொஞ்சம் மியூசிக் செய்தனான் மாமா" என்று ஒருநாள் சொன்னான். மாதா கோயில் பூசையில் கித்தார் வாசித்திருப்பான் என்றல்லவா அவர் நினைத்திருந்தார்!

வீட்டில் போட்டுக் கேட்க மனம் வரவில்லை. பழைய கொரோலாவை ஒரு பிளாசாவின் பின்பக்கம் நிறுத்தினார். கண்ணாடியில் தொங்கிய செபமாலையைக் கழற்றிப் பொக்கற்றில் வைத்துவிட்டுத்தான் சீடியைத் தள்ளினார். இருபது வருடம் அவர் வேலை செய்த இரும்புத் தொழிற்சாலை அப்படியே காருக்குள் இறங்கி, தொண்டை கிழியக் கத்தியது. இரண்டாவதும் அப்படித்தான். அதற்குமேல் முடியவில்லை.

அன்றிலிருந்து மாக்கஸ் செய்வதெல்லாம் வேறுமாதிரித் தெரிந்தது. பூசை முடிந்தும் முழந்தாளில் இருக்கிறானே, யாரிடம் செபிக்கிறான்? மாமியார் வேரோனிக்காவின் மருந்துக்குக் கேட்காமலே ஓடுகிறானே, எதை மறைக்க? சந்தேகம் உள்ளே வந்துவிட்டால், அது முதலில் தின்பது மற்றவர்கள் நமக்குச் செய்த நன்மைகளைத்தான்.

இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை தெரிந்தவர்கள் அறிவிக்கவும் என்று கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இரண்டு வாசித்தாயிற்று. வியாழக்கிழமை அவர் ஃபாதருக்குப் போன் எடுத்தார்.

"மூண்டாம் ஓலையை நிப்பாட்டுங்கோ, ஃபாதர்."

"ஏன் அண்ணை?"

"பெடியன் பிசாசுப் பாட்டுக்காரன்."

"சனி பின்னேரம் நேரை வந்து சொல்லுங்கோ. மகளுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

சாட்சி வேண்டுமே. சனி காலை சீடிகளைச் சுற்றி எடுத்துக்கொண்டு நீக்கிலாஸ் அண்ணையிடம் போனார். ரொறன்ரோவுக்கு வருமுன் பன்னிரண்டு வருடம் டென்மார்க்கில் இருந்தவர் அவர்; அந்த மொழி வாசிப்பார்.

"ஓநாய்... பனி... சாவு... உவங்கள் பேய்க்கதை எழுதியிருக்கிறாங்கள், தம்பி. கடவுளைத் திட்டின வரி ஒண்டும் இல்லை."

"மணி உடைஞ்சு கிடக்குதே?"

"அது கடலுக்குள்ளை போன கோயில் ஒண்டைப் பற்றின பாட்டு. அழுதெல்லோ பாடுறாங்கள்!"

"உந்தச் சத்தம் அழுகையோ?"

நீக்கிலாஸ் சிரித்துக்கொண்டே மூன்றாவதைத் திறந்தார். வாசித்தவர்களின் பெயர்களில் மாக்கஸ் இல்லை.

"அவனைக் கலைச்சுப்போட்டாங்களோ?" என்றார் இக்னேசியஸ், கொஞ்சம் ஆவலாகவே.

கடைசிப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல நன்றியுரை. நீக்கிலாஸ் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, மெதுவாகத் தமிழில் சொன்னார்: "'மாக்கஸ் எங்களோடை வரேல்லை. நாங்கள் ஊர் ஊராய்ப் பாடி இதைப் பதிஞ்சு திரிஞ்ச குளிர்காலம் முழுக்க, எங்கடை பாடகன்ரை நோயாளித் தாய்க்குப் பக்கத்திலை இருந்து சாப்பாடு தீத்தினான். அவனை நம்பித்தான் போனம்.'"

"உது உண்மையோ அண்ணை?"

"பொய்யெண்டால் இவ்வளவு சின்ன எழுத்திலையோ போடுவாங்கள்?"

இக்னேசியஸ் வீட்டுக்கு வந்தபோது, மாக்கஸ் பிய்ந்த பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னார். ஃபாதருக்குப் போன் எடுத்ததையும் மறைக்கவில்லை. அவன் முகம் வாடியது.

"என்னட்டையே கேட்டிருக்கலாமே, மாமா."

"கேட்டிருக்கோணும்."

"நிரோவுக்குத் தெரியும். கலியாணம் முடியட்டும், பிறகு அப்பாவுக்குச் சொல்லுவம் எண்டவ." கத்தரிக்கோலை நிலத்தில் வைத்தான். "மூண்டையும் கேட்டனீங்களோ?"

"ரெண்டுதான். மூண்டாவதைப் போடேல்லை."

"நல்லது. அதிலை டிரம்ஸ் சரியில்லை."

இக்னேசியஸுக்குச் சிரிக்கவும் வரவில்லை, அவன் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

"ஃபாதர் எத்தனை மணிமட்டும் இருப்பார்?"

"அஞ்சு."

மாக்கஸ் எழும்பிக் காரின் திறப்பை எடுத்தான்.

"தனியப் போய் மாத்திச் சொல்ல உங்களுக்கு வெக்கமாயிருக்கும். வாங்கோ, நானும் வாறன்."