பன்னிரண்டாவது அட்டை

என் மகள் ஹெட்விக் வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் எங்கள் தீவு ஊரான விஸ்பிக்கு வருவாள். செப்டம்பரில், அவள் அம்மா மைலிஸின் பிறந்த நாளன்று. காலைக் கப்பலில் இறங்கி, கல்லறையில் பூ வைத்து, என்னோடு அரை மணி நேரம் காபி குடித்துவிட்டு, நாலு மணிக் கப்பலில் ஏறிவிடுவாள். இந்த வருஷம் போனில் சொன்னாள்: "இதுதான் கடைசிப்பா. சாகப்போற நேரத்துல என்னைக் கூப்பிட வேணாம்னு சொன்னவங்களுக்கு, நான் எதுக்கு வருஷா வருஷம் பூ வைக்கணும்?"

"குடை எடுத்துட்டு வா, மழை வரும்போல இருக்கு" என்றேன் நான். இந்த அழகில் நான் ஒரு தகப்பன்.

மைலிஸ் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. ஆஸ்பத்திரியில் மூன்று தடவை கேட்டாள், "ஹெட்விக்கைக் கூப்பிடுங்க" என்று. ஹெட்விக்குக்கு அந்த வியாழக்கிழமை வடக்கே லூலியோவில் பரீட்சை. முடியட்டுமே, பிள்ளையைத் தொந்தரவு பண்ணுவானேன் என்று இருந்துவிட்டேன். அடுத்தவரைத் தொந்தரவு பண்ணாமல் செத்துப்போவதைக்கூட மரியாதை என்று நினைக்கிற ஜனங்கள் நாங்கள். புதன்கிழமை மைலிஸ் போய்விட்டாள். ஓடி வந்த பிள்ளை "ஏன்பா எனக்குச் சொல்லலை?" என்று கேட்டபோது, "அம்மாதான் வேணாம்னா" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்க்கு இப்போது ஒன்பது வயது.

ஊர் வரலாற்றுச் சங்கத்துக்கு நான் செயலாளர். வருஷா வருஷம் இதே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேள்வி நடை வைப்போம்; இந்த வருஷம் அது மைலிஸின் பிறந்த நாளன்றே வந்தது. ஊரைச் சுற்றிய பழைய கோட்டை மதிலுக்குள்ளே பன்னிரண்டு இடங்களில் பன்னிரண்டு அட்டைகள் தொங்கும், ஒவ்வொன்றிலும் ஊர் வரலாற்றைப் பற்றி ஒரு கேள்வியும் மூன்று விடைகளும். வழிகாட்டி கிடையாது. சீட்டும் பென்சிலும் வாங்கிக்கொண்டு அவரவர் பாட்டுக்கு நடக்க வேண்டியதுதான். விடைகளுக்கு 1, எக்ஸ், 2 என்று பெயர், கால்பந்துப் பந்தயச் சீட்டில் இருப்பதுபோல. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கேள்வித்தாள் எழுதியவன் என்பதால் அட்டை எழுதுவது என் வேலை. நேரில் சொல்ல வாய் வராதவன், கேள்வியாகவாவது கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஹெட்விக் வந்தாள். கிழக்கு வாசலில் சீட்டை வாங்கிக்கொண்டு, "அம்மாவுக்கு இது பிடிக்கும். நடந்துட்டு வரேன்" என்றாள். நான் குறுக்கு வழியாகக் கீழே ஓடி, கடற்கரையோரம் வெடிமருந்துக் கோபுரத்தில் தொங்கிய கடைசி அட்டையை மாற்றினேன்.

"12. ஆஸ்பத்திரியில் மைலிஸ் சொன்னது என்ன? 1: ஹெட்விக்கைத் தொந்தரவு செய்யாதே. எக்ஸ்: ஹெட்விக்கைக் கூப்பிடு. 2: ஒன்றும் சொல்லவில்லை."

பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த சங்கத்துப் பொருளாளர் போடில் எழுந்து வந்து படித்தாள். "சிக்ஸ்டன், உனக்கு என்ன கிறுக்கா? வாய்னு ஒண்ணு இருக்கே, அது எதுக்கு? காபி ஊத்திக் குடுத்துட்டுச் சொல்லித் தொலையேன்!"

"ஒன்பது வருஷமா ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன்."

"கழட்டு அதை."

"மாட்டேன்."

கடிகாரத்தைப் பார்த்து, அவள் எங்கே வந்திருப்பாள் என்று கணக்குப் போட்டபடி நின்றேன். இப்போது கூரையில்லாத காத்தரீனா கோவில் தூண்களுக்கு நடுவே மூன்றாவது அட்டை. இப்போது பேராலயத்துப் படிகள். இப்போது மீனவர் சந்து. ரோஜாக்கள் இன்னும் நாலைந்து மிச்சமிருக்கும். தாவரத் தோட்டம், கன்னிக் கோபுரம். மதிலோரமாக வருகிறாள்.

கடைசி அட்டைக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். முதுகுதான் தெரிந்தது. பிறகு பென்சில் அசைந்தது. புரிந்துகொண்டாள் என்று நினைத்து, வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

சீட்டை மேசையில் வைத்தாள். பன்னிரண்டுக்கு நேரே 1 என்று போட்டிருந்தாள்.

"நீங்க சொல்லிக்குடுத்த பதில்தான்" என்றாள். "அம்மா என்னை வேணாம்னு சொன்னதை ஊரே படிக்கணுமாப்பா? அப்படி என்ன கோபம் உங்களுக்கு என் மேல?"

"தப்பு" என்றேன். பாழாய்ப்போன வாத்தியார் குரலில்தான் வந்தது. "பன்னெண்டாவது தப்பு. எக்ஸ்."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்தபோது முகம் வெளுத்தது. போடில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பென்சில்களை அடுக்க ஆரம்பித்தாள்.

"எத்தனை தடவை?"

"மூணு. திங்கள், செவ்வாய்... புதன் காலைல ஒரு தடவை."

"புதன் காலைல நான் லைப்ரரில உக்காந்திருந்தேன்பா. போன் மேசை மேலதான் இருந்துச்சு."

"பரீட்சைன்னு..."

"எந்தப் பரீட்சை? நான் எழுதவே இல்லையே!"

பென்சிலை எடுத்தாள். 1ஐ அடித்துவிட்டு, காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி எக்ஸ் போட்டாள். "இப்ப பன்னெண்டும் சரிதானே?" என்று கேட்டு, சீட்டைப் பெட்டிக்குள் போட்டாள்.

"ஹெட்விக், என்னை மன்னிச்சிடும்மா."

"அம்மாவுக்குப் பூ வைக்க வருவேன்" என்றாள். "வருஷா வருஷம் வருவேன். உங்களைப் பார்க்க வரமாட்டேன்." கோட்டின் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டு துறைமுகத்தின் பக்கம் நடந்தாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள் என்று தெரிந்தது. கூப்பிடவில்லை.

கேள்வி நடையில் அவளுக்கு அடுத்து வந்த ஒரு வெளியூர்த் தம்பதி சீட்டை நீட்டினார்கள். "எல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றாள் அந்த அம்மா. "கடைசிதான் விளங்கலை. யாருங்க இந்த மைலிஸ்? எந்த நூற்றாண்டு?"

"விடை எக்ஸ்" என்றேன்.

"பார்த்தியா, நான்தான் சொன்னேன்ல!" என்று புருஷனை முழங்கையால் இடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி ஆவலாகக் கேட்டாள்: "அப்புறம் அந்தப் பொண்ணைக் கூப்பிட்டாங்களா?"

"இல்லைங்க" என்றேன். "கூப்பிடலை."